முயலைக் கழுவாதீர்கள், தரையைக் கழுவுங்கள்

போன இதழில் முயல் பற்றி ஒருவர் கேட்டதற்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதிலிருந்து வரும் கடிதங்களைப் பிரித்தால் நாயையும் பூனையையும் காணோம், முயலாகவே வந்து விழுகிறது. அதிலும் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: முடி அழுக்காகிறது, கால் மஞ்சளாகிறது, எப்படிச் சுத்தம் செய்வது? சரி, இந்த முறை பக்கம் முழுக்க முயலுக்கே.

*டாக்டரம்மா, எங்கள் வெள்ளை முயலுக்கு எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குழந்தைகள் ஷாம்பு போட்டு வெந்நீரில் குளிப்பாட்டுகிறோம். அன்று பூராவும் நடுங்கிக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படிச் செய்தும் பின்னங்கால் மஞ்சள் போகவில்லை. வேறு எந்த ஷாம்பு நல்லது?*
– வாசகி, அம்பத்தூர்

எந்த ஷாம்புவும் வேண்டாம், குளியலே வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நிறுத்திவிடுங்கள்.

முயலின் முடி மேலே நீளமாகவும் அடியில் பஞ்சு மாதிரி நெருக்கமாகவும் இருக்கும். அந்த அடி முடி ஒருமுறை தோல் வரை நனைந்துவிட்டால் லேசில் காயாது. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நின்று உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். முயலின் சாதாரண உடல் வெப்பம் நம்மைவிட அதிகம், 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. அது சட்டென்று இறங்கினால் குடல் இயக்கம் மந்தமாகி, தீவனம் எடுப்பது நின்று, ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதோடு பயமும் சேர்கிறது. மற்ற மிருகங்கள் பிடித்துத் தின்னும் இரையாகவே பிறந்த உயிர் அது. தண்ணீரில் அமுக்கிப் பிடித்தால் தன்னை ஏதோ கவ்விவிட்டது என்றே அதற்குப் படும். உதறிக்கொண்டு பின்னங்காலால் ஓங்கி உதைக்கும்போது தன் முதுகெலும்பைத் தானே உடைத்துக்கொண்ட முயல்களை என் மேஜையில் பார்த்திருக்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பொங்கலுக்கு முந்தின நாள், வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த கையோடு, எங்கள் முயலையும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினோம். வெயிலில் விட்டால் காய்ந்துவிடும் என்று நினைத்தோம். மறுநாள் கோலம் போட எழுந்த அம்மாதான் முதலில் பார்த்தார், கூண்டில் விறைத்துக் கிடந்தது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் கேட்டாலும் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த மஞ்சள். அது மூத்திரக் கறை. முடியில் ஏறிய கறை ஷாம்புவுக்குப் போகாது, அந்த முடி உதிர்ந்து புதுமுடி வரும்போதுதான் போகும். கறையைவிட அதன் அடியில் இருக்கும் தோலைத்தான் பார்க்க வேண்டும். முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். தோல் வெளிர் ரோஸ் நிறத்தில், காய்ந்து, வாடை இல்லாமல் இருந்தால் விட்டுவிடலாம். ஈரமாக, சிவந்து, தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறது என்றால் மூத்திரம் பட்டுத் தோல் வெந்திருக்கிறது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கொஞ்சமாவது வெளுத்தால் தேவலை என்றால் சோள மாவு போதும், கடையில் வெள்ளையாகக் கிடைக்கும் கார்ன் ஃப்ளவர். முயலை மடியில் ஒரு துண்டு விரித்து உட்காரவைத்து, அழுக்கான இடத்தில் மட்டும் மாவைத் தூவி, விரலால் முடிக்குள் தேய்த்துவிட்டு, மெல்லிய பல் சீப்பால் வாரி எடுங்கள். மாவு ஈரத்தையும் பிசுக்கையும் இழுத்துக்கொண்டு உதிர்ந்துவிடும். மூக்குப் பக்கம் பறக்கக் கூடாது. முகப் பவுடர், குழந்தைப் பவுடர் எதுவும் வேண்டாம், அந்தத் தூள் முயலின் நுரையீரலுக்கு ஆகாது.

ஆனால் இதையெல்லாம் செய்துவிட்டு அதே ஈரத் தரையில் மறுபடி விட்டால் நாளை மறுநாள் கால் திரும்ப மஞ்சள்தான். முயல் தானாகவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேயே மூத்திரம் போகும். அது எந்த மூலை என்று இரண்டு நாள் கவனித்து, அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். அடியில் நாலைந்து மடிப்பு செய்தித்தாள், மேலே ஒரு கை வைக்கோல் அல்லது உலர்ந்த புல். தினமும் காலையில் மாற்றுங்கள். நனைந்த காகிதத்தில் கொஞ்சத்தை முதல் சில நாள் அதிலேயே விட்டுவைத்தால் அந்த வாடைக்கு அங்கேயே போகப் பழகிவிடும். தட்டில் வெள்ளையாகப் படியும் காரை சுண்ணாம்புச் சத்து, வெள்ளை வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்தால் சுரண்டாமலே வந்துவிடும். நன்றாகக் கழுவிக் காயவைத்து வையுங்கள். பினாயில் போடாதீர்கள், அதே காலைத்தான் அது நாள் முழுக்க நக்குகிறது.

*எங்கள் முயலைக் கம்பி வலைக் கூண்டில் வளர்க்கிறோம், புழுக்கை கீழே விழுந்துவிடும், சுத்தம் என்று சொல்லி விற்றார்கள். இப்போது இரண்டு பின்னங்காலிலும் குதிகால் பக்கம் முடி கொட்டி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது. சொறியா? வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டு வருகிறோம்.*
– வாசகர், கோவை

சொறி மாதிரித் தெரியவில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது கம்பி செய்த வேலை.

நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் மெத்தென்ற தடித்த தோல் இருக்கிறது. முயலுக்கு அது கிடையாது. அடர்ந்த முடிதான் அதற்குச் செருப்பு. மண்ணிலும் புல்லிலும் கால் பதியும்போது எடை பாதம் முழுக்கப் பரவும். கம்பியில் நின்றால் அத்தனை எடையும் நாலைந்து கோடுகளில் இறங்குகிறது. முதலில் முடி தேயும், அப்புறம் தோல் சிவக்கும், அப்புறம் வெடித்துப் புண்ணாகும், கவனிக்காமல் விட்டால் சீழ் எலும்பு வரை போய்விடும். எலும்புக்குப் போன பிறகு குணப்படுத்துவது மிகக் கஷ்டம், நீங்கள் சிவப்பிலேயே பார்த்தது நல்லதாயிற்று.

இன்றைக்கே செய்ய வேண்டியது, கம்பிக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் கோரைப்பாய் விரிப்பது. சாயம் போடாத சாதாரணப் பாய், கடித்தாலும் கெடுதல் இல்லை. கூண்டு அளவுக்கு நாலைந்து துண்டாக வெட்டி வைத்துக்கொண்டால் நனைந்ததை எடுத்துவிட்டு வேறொன்று போடலாம், எடுத்ததைக் கழுவி வெயிலில் காயப்போடலாம். சாக்கு வேண்டாம், நூல் பிரிந்து நகத்தில் மாட்டும், தின்றால் குடலில் சிக்கும். வழுவழு டைல்ஸ் தரையும் சரிப்படாது. கால் வழுக்குவதால் குதிகாலை ஊன்றி ஊன்றியே நடக்கும்.

வேப்பெண்ணெய், மஞ்சள் இரண்டையும் நிறுத்துங்கள். நம் உடம்புக்கு நல்லது என்பதால் போடுகிறீர்கள், புரிகிறது. ஆனால் முயல் ஐந்து நிமிடத்தில் மொத்தத்தையும் நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும், மிச்சமிருக்கும் எண்ணெய் முடியைக் கட்டையாக்கிப் புழுதியை இழுத்து வைக்கும். தோல் வெடித்திருந்தால் மருத்துவர் சுத்தம் செய்து கட்டுப் போடட்டும், அந்தக் கட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு பெருத்த முயல், நகம் வளர்ந்த முயல், ரெக்ஸ் என்ற வெல்வெட் முடி இனம், இந்த மூன்றுக்கும் இது சீக்கிரம் வரும். ரெக்ஸுக்குப் பாதத்து முடியே குட்டை, நல்ல தரையில் வைத்திருந்தாலும் வாரம் ஒருமுறை காலைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

சொறி வேறு மாதிரி இருக்கும். மூக்கு நுனி, காது விளிம்பு, கால் விரல் இடுக்கு ஆகிய இடங்களில் சாம்பல் கலந்த வெள்ளைப் பொருக்கு அடை அடையாகக் கட்டும், ஓயாமல் சொறியும். அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி செய்யும் வேலை. மருத்துவர் ஊசி போட்டால் கேட்கும், ஒரு ஊசியோடு முடியாது, இடைவெளி விட்டு மறுபடி போட வேண்டும், பக்கத்துக் கூண்டு முயலுக்கும் சேர்த்து. பொருக்கைப் பிய்க்காதீர்கள். வட்டமாக முடி கொட்டிச் செதில் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது குழந்தைகளுக்கும் ஒட்டும், தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

*என் முயல் எப்போது பார்த்தாலும் முன்னங்கை இரண்டையும் நக்கிக்கொண்டே இருக்கிறது. கையின் உள்பக்கம் முடி ஈரமாக ஒட்டி முறுக்கிக் கிடக்கிறது. பின்னங்கால் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஏன் டாக்டர்?*
– ஏழாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

தம்பி, கை அழுக்கு, கால் சுத்தம் என்று பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறாய் பார், அதில்தான் விடை இருக்கிறது. உன் முயலுக்குச் சளி. நமக்குக் கைக்குட்டை மாதிரி அதற்கு முன்னங்கை. மூக்கு ஒழுக ஒழுக அந்தக் கையால் துடைத்துத் துடைத்து முடி ஒட்டிப்போகிறது. காதைக் கிட்டே வைத்து மூச்சைக் கேள், கறகற என்று சத்தம் வருகிறதா, தும்முகிறதா என்று பார். அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லி இந்த வாரமே கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ, இதற்கு மருந்து வேண்டும். முயல் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அது அடைத்துக்கொண்டால் ரொம்பச் சிரமப்படும். தூசி பறக்கும் மரத்தூளைக் கூண்டில் போட்டிருந்தால் எடுத்துவிடு. தூக்கும்போது காதைப் பிடித்துத் தூக்காதே, ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில்.

*மூன்று வயதுப் பெண் முயல். வாலுக்கு அடியில் எப்போதும் களிம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு நாறுகிறது. பேதி என்று நினைத்து மாத்திரை கொடுத்தோம், நிற்கவில்லை. கேரட், வாழைப்பழம், பிஸ்கட், மோர்சாதம் எல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறது. மழைக்காலம் வேறு, ஈ மொய்க்கிறது.*
– வாசகி, மதுரை

அம்மா, கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முயலின் பின்பக்கம் ஈரமும் அசிங்கமுமாக இருந்தால் ஈ அங்கே முட்டையிடும். ஒரு நாளுக்குள், இந்தப் புழுக்கத்தில் அதற்கும் முன்பே, முட்டை பொரிந்து புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். காலையில் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லி சாயங்காலம் தூக்கிக்கொண்டு வருவார்கள். முடியை விலக்கினால் உள்ளே சதை நெளியும். அவர்கள் பொய் சொல்லவில்லை, காலையில் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். போன ஐப்பசியில் அப்படி வந்த ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை, தூக்கிக்கொண்டு வந்த பெண் குழந்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆகவே மழைக்காலத்தில் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் ஈ முட்டை, பல் சீப்பால் வாரி எடுத்துவிடுங்கள். புழு தெரிந்தால் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் கற்பூரம் வைப்பது, டர்பன்டைன் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். முயலுக்கு அதைச் செய்யாதீர்கள். நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் கூடாது, அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயல் செத்தே போகும்.

அடுத்தது, இது பேதி இல்லை. முயலுக்கு இரண்டு வகைப் புழுக்கை உண்டு. ஒன்று நாம் கூட்டிப் பெருக்கும் உருண்டை. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி பளபளவென்று மெத்தென்று இருக்கும், பெரும்பாலும் ராத்திரியில் வரும், வரும்போதே குனிந்து வாயால் எடுத்துத் தின்றுவிடும். அதில் சத்து இருக்கிறது, இரண்டாம் முறை செரிமானம் மாதிரி. மாவும் இனிப்பும் அதிகம் தின்னும் முயலுக்கு அது குழைந்துபோய், எடுத்துத் தின்ன முடியாமல் முடியில் அப்பிக்கொள்ளும். உடம்பு பெருத்துவிட்டால் குனியவும் முடியாது. உங்கள் முயலுக்கு இரண்டுமே நடக்கிறது என்று நினைக்கிறேன்.

பிஸ்கட்டையும் சாதத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். வாழைப்பழமும் கேரட்டும் வாரத்தில் இரண்டு நாள், கட்டை விரல் நுனி அளவு. அருகம்புல்லும் உலர்ந்த புல்லும் எந்நேரமும் கிடைக்க வேண்டும், தீவனத்தில் பெரும்பங்கு அதுதான். வேலிமசால், குதிரைமசால் நல்ல தழைதான், ஆனால் வளர்ந்த முயலுக்கு அதையே மூன்று வேளையும் போட்டால் சுண்ணாம்புச் சத்து மிஞ்சி மூத்திரம் கெட்டியாகக் குழம்பி வரும், அதுவும் பின்னங்கால் தோலை வேகவைக்கும். திடீரென்று மாற்றாமல் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். பெரும்பாலான முயல்களுக்கு இது ஒன்றிலேயே பின்பக்கம் சுத்தமாகிவிடுகிறது. ஆகாவிட்டால் பல்லையும் முதுகையும் மருத்துவர் பார்க்க வேண்டும். வயதான முயலுக்கு முதுகு வலியால் குனிய முடியாமல் போவது உண்டு.

இப்போது ஒட்டியிருப்பதை எடுக்க, அந்த இடத்தை மட்டும் கழுவலாம். அகலமான பேசினில் இரண்டு விரல் உயரம் வெதுவெதுப்பான நீர், அடியில் ஒரு துண்டு, அதில் பின்பக்கம் மட்டும் நனையும்படி நிறுத்தி, ஊறியதை விரலால் மெல்ல விடுவியுங்கள். சோப்பு தேவையில்லை. பிறகு தோல் வரை காயும்படி துண்டால் ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். முயலின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, இழுத்தால் கிழிந்துவிடும். முழுக்கக் காயும் வரை மின்விசிறிக் காற்றில் விடவேண்டாம்.

*நகம் வெட்டப் பயமாக இருக்கிறது. கறுப்பு நகம், ரத்த நரம்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.*
– வாசகர், திருச்சி

செல்போன் டார்ச்சை நகத்துக்குப் பின்னால் பிடியுங்கள், நரம்பு நிழலாகத் தெரியும். அதற்கு முன்னால் நுனியை மட்டும் கிள்ளினால் போதும். முன்னங்காலில் ஐந்து, பின்னங்காலில் நாலு. முன்னங்கால் கட்டைவிரல் கொஞ்சம் மேலே ஒளிந்திருக்கும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள், வளைந்து சதைக்குள் குத்தும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதில்லை, இன்று ஒரு கால், நாளை ஒரு கால். ரத்தம் வந்துவிட்டால் சோள மாவை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கிறது என்று சிலர் அப்படி வெட்டுகிறார்கள். அது சுகத்தில் கிடக்கவில்லை, பயத்தில் உறைந்துபோய்க் கிடக்கிறது. மாதம் ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டினால் குதிகாலும் தப்பிக்கும்.

*எங்களுடையது அங்கோரா என்ற நீளமுடி இனம். முடி சிக்குப் பிடித்துக் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் உருண்டை உருண்டையாகிவிட்டது. கத்தரிக்கலாமா?*
– வாசகி, கோத்தகிரி

சிக்கை இழுத்துப் பிடித்துக் கத்தரித்தால் தோலும் கூடாரம் மாதிரி எழும்பி அதோடு சேர்ந்து வெட்டுப்படும், இந்தக் காயத்துக்கு அடிக்கடி தையல் போட்டிருக்கிறேன். சோள மாவு தூவி, விரலால் சிக்கை இரண்டாக நாலாகப் பிரித்து, நுனியிலிருந்து சீவுங்கள். பிரியாவிட்டால் மெஷின் வைத்து எடுத்துவிடுவது நல்லது, அதை ஒரு பழகிய கை செய்யட்டும். அங்கோரா முடியை எப்படியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டத்தான் வேண்டும், இடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை சீப்பு. உங்கள் ஊர்க் குளிர் அதற்கு ஒத்துவரும், முழுக்க வெட்டிய வாரத்தில் மட்டும் காற்று படாத இடத்தில் வையுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் ஆசைப்பட்டு இந்த இனத்தை வாங்காதீர்கள், 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும்.

முடியை நக்கி விழுங்குவது எல்லா முயலும் செய்வதுதான், ஆனால் முயலால் வாந்தி எடுக்க முடியாது. போனது பின்வழியாகத்தான் வர வேண்டும், அதைத் தள்ளுவது புல்லின் நார். புழுக்கை பாசிமணி மாதிரி முடியில் கோத்துக்கொண்டு வந்தால் சீப்பையும் புல்லையும் கூட்டுங்கள். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

*வயலில் நெல் அறுக்கும்போது ஒரு முயல் குட்டி கிடைத்தது. சேறும் சகதியுமாக இருக்கிறது. கழுவிவிட்டு வீட்டு முயலோடு சேர்த்து வளர்க்கலாமா?*
– வாசகர், புதுக்கோட்டை

இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களுக்குப் போன் செய்துவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். அது காட்டு முயல், வீட்டு முயலுக்குச் சொந்தமே தவிர அதே இனம் இல்லை. வீட்டு முயல் குட்டி முடியில்லாமல், கண் மூடிப் பிறக்கும். காட்டு முயல் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்காது, நாளுக்கு ஒன்றிரண்டு முறை, பெரும்பாலும் இருட்டிய பிறகு, வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். தனியாகக் கிடப்பதால் அநாதை என்று நினைத்துவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. சேறு காய்ந்தால் தானே உதிரும், கழுவ வேண்டாம், பசும்பால் புகட்ட வேண்டாம். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் எடுத்த இடத்துக்குப் பக்கத்து வரப்பில், அறுப்பு மெஷின் வராத புல் மறைவாகப் பார்த்து, இருட்டுவதற்கு முன்னால் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.